ஒப்புக்குச் சப்பாணி

அக்கா பையனுக்குப் பதினாறு வயது. இடது கை வேகப்பந்து. போன மாதம் ஒரு சனிக்கிழமை, திருச்சியில் நடந்த ஒரு செலக்‌ஷனுக்குப் போய்விட்டு, கிட்பேகைத் தோளில் மாட்டியபடியே ஸ்ரீரங்கத்துக்கு, எங்கள் வடக்கு உத்திர வீதி வீட்டுக்கு வந்தான். தன் வீட்டுக்குப் போகாமல் இங்கே வந்ததிலேயே ரிசல்ட் தெரிந்துவிட்டது. காபி கொடுத்துவிட்டு, எத்தனை பந்து போட்டாய் என்று மட்டும் கேட்டேன்.

"ஆறு பந்து மாமா. நாலாவது பந்து போடறப்போ அவர் போன்ல பேசிட்டிருந்தார்."

எந்த செலக்‌ஷன், யார் அவர் என்பதெல்லாம் இங்கே வேண்டாம். இருநூறு பையன்கள் வரிசையில் நின்றால் யாருக்கும் ஆறு பந்துதான் கிடைக்கும். கொஞ்ச நேரம் கழித்து அவன் கேட்டான்: "லிஸ்ட்ல பேர் வராதவன் யாராவது அப்புறம் பெரிய ஆளா ஆடியிருக்காங்களா?" நிறைய பேர் இருக்காங்கடா என்று மாமாக்கள் வழக்கமாகச் சொல்வதைச் சொன்னேன். விடவில்லை. "பேர் சொல்லுங்க."

பெயர் சொல்லப் போய்த்தான் இந்தக் குறிப்பு இவ்வளவு நீளமாகிவிட்டது.

முதலில் நம்ம ஊர் விளையாட்டிலிருந்தே ஆரம்பிக்கிறேன். இன்றைக்குத் தெருவில் கிரிக்கெட் ஆடும் பையன்கள் எப்படி ஆள் பிரிக்கிறார்கள் என்று கவனித்திருப்பீர்கள். இரண்டு கேப்டன்கள். நீ ஒன்று, நான் ஒன்று என்று மாறி மாறிக் கூப்பிடுவார்கள். நன்றாக ஆடுபவன் முதலில் போவான். கடைசியில் ஒருத்தன் யாரும் கூப்பிடாமல் நிற்பான். பல வருஷம் அது நான்தான் என்பதால், அந்த இடத்தில் நின்றால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

ஆனால் என் பாட்டி காலத்துப் பிள்ளைகள் இப்படிப் பிரிக்கவில்லை. அவர்கள் முறைக்கு உத்தி பிரிப்பது என்று பெயர். இரண்டு தலைவர்கள் ஓரிடத்தில் நிற்பார்கள். மற்றவர்கள் ஏறக்குறைய சமபலம் உள்ளவர்களாக இரண்டிரண்டு பேராகச் சேர்ந்து, தோளில் கை போட்டுக்கொண்டு சற்றுத் தள்ளிப் போய், ஆளுக்கொரு ரகசியப் பெயர் வைத்துக்கொள்வார்கள். ஒருத்தி மல்லிகை, ஒருத்தி முல்லை என்று வையுங்கள். திரும்பி வந்து, உனக்கு மல்லிகை வேணுமா, முல்லை வேணுமா என்று கேட்பார்கள். தலைவர் ஒரு பெயரைச் சொல்வார். யார் மல்லிகை என்று அவருக்குத் தெரியாது. இதில் முதலில் எடுக்கப்பட்டவர், கடைசியில் எடுக்கப்பட்டவர் என்ற பேச்சே இல்லை. யாரோ ரொம்ப யோசித்துச் செய்த ஏற்பாடு இது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

அதிலும் ஒரு ஓட்டை உண்டு. எண்ணிக்கை ஒற்றைப்படையில் வந்தால் ஒருத்தர் மிஞ்சுவார். அவரை வீட்டுக்கு அனுப்பமாட்டார்கள். ஒப்புக்குச் சப்பாணி என்று சேர்த்துக்கொள்வார்கள். இரண்டு பக்கமும் ஆடலாம், ஆனால் அவர் அவுட்டானாலும் கணக்கில்லை, ஜெயித்தாலும் கணக்கில்லை. கூடவே நிற்கலாம், அவ்வளவுதான். இந்தக் "கூடவே நிற்கலாம்" என்பதைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

மாறி மாறிக் கூப்பிடும் முறையைப் பெரிய அளவில் ஒரு தொழிலாகவே ஆக்கியவர்கள் அமெரிக்கக் கால்பந்துக்காரர்கள். தலைக்கவசம் போட்டு, முட்டை வடிவப் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு மோதுவார்களே, அந்த ஆட்டம். அங்கே என்.எஃப்.எல். என்ற லீகில், கல்லூரி முடித்து வரும் ஆட்டக்காரர்களை அணிகள் வருடத்துக்கு ஒருமுறை வரிசைப்படி எடுத்துக்கொள்கின்றன. அதற்கு டிராஃப்ட் என்று பெயர். முந்தைய வருஷம் மோசமாக ஆடிய அணிக்கு முதல் உரிமை. பிலடெல்பியா அணியை நடத்திய பெர்ட் பெல் சொன்ன யோசனை இது. அவர் அணி தோற்றுக்கொண்டே இருந்ததால் அவருக்கு வசதியான யோசனையும்கூட. முதல் டிராஃப்ட் 1936 பிப்ரவரியில் பிலடெல்பியாவில் ஒரு ஓட்டலில் நடந்தது. 9 சுற்று, 81 பேர். வரலாற்றிலேயே முதன்முதலாக எடுக்கப்பட்டவர் ஜே பெர்வாங்கர். அவர் அந்த லீகில் ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை! சம்பளம் ஒத்துவரவில்லை.

இது நமக்கு அந்நியமான சமாச்சாரம் இல்லை. தமிழ்நாடு பிரீமியர் லீக் 2016-ல் தொடங்கியபோது அங்கும் ஏலம் கிடையாது, டிராஃப்ட்தான். ஏலம் 2023-ல்தான் வந்தது.

இப்போது அமெரிக்க டிராஃப்டில் 7 சுற்றுகள், சுமார் 250 பேர். அந்தக் கடைசிப் பெயரை வாசித்து முடித்த சில மணி நேரத்துக்குள் இன்னொரு வேலை ஆரம்பிக்கும். அணிகள், பட்டியலில் வராதவர்களுக்குப் போன் போட ஆரம்பிக்கும். கோடைப் பயிற்சி முகாமுக்கு ஒரு அணி 90 பேர் வரை வைத்துக்கொள்ளலாம். சீசன் தொடங்கும்போது 53 பேர்தான். வெட்டப்பட்டவர்களில் சிலரைப் பயிற்சிக் குழு என்று தனியாக வைத்துக்கொள்வார்கள். அவர்கள் வேலை, வரும் ஞாயிற்றுக்கிழமை எதிரணி எப்படி ஆடுமோ அப்படி வாரம் முழுக்க ஆடிக்காட்டுவது. சொந்த அணியின் நட்சத்திரங்கள் அவர்களை வைத்துப் பழகிக்கொள்வார்கள். நம்ம ஊர்ப் பாஷையில் சொன்னால் ஒப்புக்குச் சப்பாணி.

இந்தக் கூட்டத்திலிருந்து வந்தவர்களில் அதிகம் பேசப்படுபவர் கர்ட் வார்னர். 1994-ல் எந்த அணியும் இவரை எடுக்கவில்லை. கிரீன் பே அணி முகாமுக்குக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு அனுப்பிவிட்டது. அயோவாவில் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் இரவு ஷிப்டில் அலமாரிகளில் சாமான் அடுக்கினார். அதன்பிறகு உள்ளரங்கில் ஆடும் ஒரு சின்ன லீக், பிறகு ஆம்ஸ்டர்டாமில் ஒரு சீசன், அப்புறம்தான் செயின்ட் லூயிஸ் ராம்ஸ் அணியில் மாற்று ஆள் என்ற இடம். 1999-ல் சீசன் தொடங்கும் முன்பே முதல் ஆட்டக்காரர் டிரென்ட் கிரீனுக்கு முழங்கால் போனது. வேறு வழியில்லாமல் வார்னர். அந்த வருஷம் லீகின் சிறந்த ஆட்டக்காரர் விருதும் அவருக்கு, சூப்பர் பவுல் கோப்பையும் அவர் அணிக்கு.

இதை அக்கா பையனிடம் சொன்னேன். "அமெரிக்கா கதை வேணாம் மாமா" என்றான். நியாயம்தான். சரி, நம்ம கதைக்கு வருவோம்.

2020 அக்டோபரில் ஆஸ்திரேலியா போகும் இந்திய அணியை அறிவித்தார்கள். பட்டியலுக்குக் கீழே ஒரு துணைப் பட்டியல். கூடுதல் பந்துவீச்சாளர்கள் நாலு பேர்: கம்லேஷ் நாகர்கோட்டி, கார்த்திக் தியாகி, இஷான் போரெல், டி. நடராஜன். நெட் பவுலர்கள். அதாவது கோலி, ரோஹித், புஜாரா எல்லாம் பழகிக்கொள்ள வலையில் பந்து போடுவது இவர்கள் வேலை. ஆட்டத்தில் சேர்க்கை இல்லை.

நடராஜன் சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டிக்காரர். அப்பா தறித் தொழிலாளி, அம்மா தெருவோரக் கடை. இருபது வயது வரைக்கும் டென்னிஸ் பந்துதான். தமிழ்நாட்டுக்காக முதல் ரஞ்சி ஆட்டம் 2015 ஜனவரியில், வங்காளத்துக்கு எதிராக. அந்த ஆட்டத்துக்குப் பிறகு அவர் பந்து வீசும் விதத்தில் சந்தேகம் எழுப்பினார்கள். கையை மடக்கி எறிகிறார் என்று. ஒரு பந்துவீச்சாளருக்கு இதைவிடப் பெரிய அடி கிடையாது. முறையை மாற்றிக்கொண்டு, 2016-ல் டி.என்.பி.எல்.லில் திண்டுக்கல்லுக்காக ஆடி, யார்க்கரால் பெயர் வாங்கினார். 2017 ஏலத்தில் பஞ்சாப் 3 கோடிக்கு எடுத்தது. அடிப்படை விலை 10 லட்சம்தான். அதனால் இவரை "யாரும் எடுக்காதவர்" என்று சொன்னால் தப்பு. ஆனால் அதற்கு அடுத்தது முழங்கைக் காயம். ஹைதராபாத் 40 லட்சத்துக்கு வாங்கி, 2018, 2019 இரண்டு சீசனும் ஒரு ஆட்டம்கூடத் தராமல் உட்கார வைத்தது. 2020-ல்தான் விட்டார்கள். 16 விக்கெட். எலிமினேட்டர் ஆட்டத்தில் டிவில்லியர்ஸின் ஸ்டம்ப்பைச் சாய்த்த யார்க்கர் பலருக்கு இன்னும் ஞாபகம் இருக்கும்.

ஆஸ்திரேலியாவில் நடந்தது இதுதான். டி20 அணியில் இருந்த வருண் சக்கரவர்த்திக்குத் தோளில் காயம். இடத்தில் நடராஜன். டிசம்பர் 2-ம் தேதி கான்பெர்ராவில் முதல் ஒருநாள் ஆட்டம். 4-ம் தேதி அதே ஊரில் முதல் டி20. பிறகு டெஸ்ட் தொடர். அங்கே ஒவ்வொருவராக விழுந்தார்கள். அடிலெய்டில் ஷமிக்குக் கை முறிவு. மெல்போர்னில் உமேஷ் யாதவுக்குக் கெண்டைக்கால். சிட்னியில் ஜடேஜாவுக்குக் கட்டைவிரல், அஸ்வினுக்கு முதுகு, பும்ராவுக்கு வயிறு.

2021 ஜனவரி 15, பிரிஸ்பேன், காபா மைதானம். 1988-க்குப் பிறகு ஆஸ்திரேலியா அங்கே டெஸ்ட் தோற்றதில்லை. இந்தியாவின் ஐந்து பந்துவீச்சாளர்கள்: சிராஜ் இதற்கு முன் 2 டெஸ்ட் ஆடியவர், சைனி 1, ஷர்துல் தாக்குர் 1 (அதிலும் பத்துப் பந்து போட்டுவிட்டுக் காயத்தோடு வெளியேறியவர்), நடராஜனும் வாஷிங்டன் சுந்தரும் பூஜ்யம். ஐந்து பேருக்கும் சேர்த்து 4 டெஸ்ட். எதிர்ப்பக்கம் நேதன் லயனுக்கு மட்டும் அது 100-வது டெஸ்ட்.

வாஷிங்டன் டி20 தொடருக்கு வந்தவர், நெட்டில் பந்து போடுவதற்காகத் தங்க வைக்கப்பட்டவர். டெஸ்ட் பட்டியலில் அவர் பெயர் இருந்ததில்லை. முதல் இன்னிங்ஸில் நடராஜனுக்கு 3 விக்கெட், சதம் அடித்த லபுஷேன் அதில் ஒருவர். வாஷிங்டனுக்கு 3 விக்கெட், முதலாவதே ஸ்டீவ் ஸ்மித். அதன்பிறகு இந்தியா 186-க்கு 6 விக்கெட் என்று தத்தளித்தபோது வாஷிங்டனும் தாக்குரும் சேர்ந்து 123 ரன். தாக்குர் 67, வாஷிங்டன் 62. பந்த் கடைசி நாளில் 89 அடித்து முடித்ததைத்தான் டிவியில் திரும்பத் திரும்பப் போடுகிறார்கள். அது சரிதான். ஆனால் அந்த 123 இல்லாமல் கடைசி நாள் என்ற ஒன்று வந்திருக்குமா என்பது என் சந்தேகம். ஜனவரி 19-ல் 3 விக்கெட்டில் ஜெயித்தோம்.

இதுவரைக்கும் எல்லாரும் எழுதியாகிவிட்டது. எனக்கு இந்தக் கதையில் ரொம்ப நாளாக உறுத்திய விஷயம் வேறு. காயம் கதவைத் திறந்தது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கதவு திறந்த நேரத்தில் வாசலில் யார் நின்றார்கள்? 2021 ஜனவரியில் கொரோனா கெடுபிடியில் இந்தியாவிலிருந்து ஒருவரை அழைத்து, தனிமைப்படுத்தி, மைதானத்தில் இறக்க நாள் இல்லை. ஆகவே பிரிஸ்பேன் ஓட்டலில் ஏற்கெனவே இருந்தவர்தான் ஆட முடியும். திறமையில் இவர்களுக்குச் சமமான பத்துப் பேர் ஊரில் இருந்திருக்கலாம். அவர்கள் கூட நிற்கவில்லை.

கூட நிற்பதற்குக் காசு ஆகும். அதை யாரோ கொடுக்க வேண்டும். நடராஜனுக்கு அது ஊர்க்காரர் ஜெயப்பிரகாஷ். கிராமத்தில் டென்னிஸ் பந்து போட்டுக்கொண்டிருந்தவரைச் சென்னைக்கு அனுப்பி கிளப் கிரிக்கெட்டில் சேர வழி செய்தவர். நடராஜன் ஜெர்ஸியில் "ஜே.பி. நட்டு" என்று இருப்பதற்கு அதுதான் காரணம். முன்னால் இருக்கும் இரண்டு எழுத்து ஜெயப்பிரகாஷ்.

வாஷிங்டன் கதை இன்னும் ஒரு தலைமுறை பின்னால் போகிறது. அவர் அப்பா எம். சுந்தர் திருவல்லிக்கேணிக்காரர், நல்ல கிளப் ஆட்டக்காரர், வசதி இல்லாத குடும்பம். இரண்டு தெரு தள்ளி பி.டி. வாஷிங்டன் என்று ஒரு முன்னாள் ராணுவக்காரர். மெரினாவில் பையன்கள் ஆடுவதைப் பார்க்க வருவார். சுந்தரின் ஆட்டம் அவருக்குப் பிடித்துப்போய், சீருடை, பள்ளிக் கட்டணம், புத்தகம் எல்லாம் வாங்கிக் கொடுத்து, தன் சைக்கிளில் மைதானத்துக்குக் கூட்டிப் போயிருக்கிறார். சுந்தர் பெயர் தமிழ்நாடு ரஞ்சி உத்தேசப் பட்டியல் வரைக்கும் வந்தது. அணியில் வரவில்லை. அங்கேயே நின்றுவிட்டது. 1999-ல் அந்த ராணுவக்காரர் இறந்தார். அதே வருஷம் அக்டோபரில் சுந்தருக்கு மகன் பிறந்தான். வழக்கப்படி குழந்தையின் காதில் சொன்ன பெயர் ஸ்ரீனிவாசன். வைத்த பெயர் வாஷிங்டன்.

அந்த மகனுக்கும் முதல் வாய்ப்பு இன்னொருவரின் காயத்தால்தான் வந்தது. 2017 ஐ.பி.எல்.லில் புனே அணிக்கு ஆடவேண்டிய அஸ்வின் காயத்தால் விலக, மாற்று ஆளாக 17 வயதுப் பையனை எடுத்தார்கள். மும்பைக்கு எதிரான முதல் தகுதிச்சுற்றில் 16 ரன் கொடுத்து 3 விக்கெட்: ரோஹித், ராயுடு, பொல்லார்ட். ஆட்ட நாயகன்.

ஐ.பி.எல்.லில் இப்படி மாற்று ஆளாக வந்தவர்களைத் தனியாகவே தொகுக்கலாம். 2011 ஏலத்தில் கிறிஸ் கெயிலை யாருமே வாங்கவில்லை என்றால் இன்று நம்ப மறுப்பார்கள். டர்க் நானஸுக்குக் காயம் என்று பெங்களூர் நடுவில் கூப்பிட்டது. முதல் ஆட்டத்திலேயே சதம், சீசன் முடிவில் 608 ரன், அந்த வருஷத்தின் அதிக ரன். 2022-ல் ரஜத் பட்டிதாரை யாரும் வாங்கவில்லை. அதே பெங்களூர், அதே மாதிரி நடுவில். எலிமினேட்டரில் 54 பந்தில் 112. மூன்று வருஷம் கழித்து அந்த அணி முதல் கோப்பையை வாங்கியபோது கேப்டன் அவர்தான்.

கபடியில் இதைவிடத் துல்லியமான உதாரணம் ஒன்று இருக்கிறது, கிரிக்கெட் இல்லை என்பதால் யாரும் பேசுவதில்லை. 2022-ல் தமிழ் தலைவாஸ் அணி பவன் ஷெராவத்தை 2.26 கோடி கொடுத்து வாங்கியது. அதுவரை புரோ கபடியில் யாருக்கும் கொடுக்காத தொகை. முதல் ஆட்டம், ஆரம்பித்த சில நிமிடத்தில் முழங்கால் போய், அவருக்கு சீசனே முடிந்தது. அந்தச் சுமை விழுந்தது நரேந்தர் ஹோஷியார் மேல். ஏலத்துக்கே வராமல், புது இளம் வீரர்கள் என்ற தனிப் பிரிவில் சேர்க்கப்பட்ட பையன். முதல் சீசனிலேயே 243 ரெய்டு புள்ளிகள். அதற்கு முன் லீக் சுற்றைத் தாண்டியே அறியாத தலைவாஸ் அரையிறுதிக்குப் போனது.

இந்தப் பெயர்களை எல்லாம் ஒரு நோட்டில் எழுதி வைத்துவிட்டு, அக்கா வீட்டுக்குக் கிளம்பும்போதுதான் ஒரு தயக்கம் வந்தது. நான் தேடியது ஜெயித்தவர்களை. ஜெயித்தவர்களைத் தேடினால் ஜெயித்தவர்கள்தான் கிடைப்பார்கள். அந்த அக்டோபர் அறிவிப்பில் நாலு நெட் பவுலர்கள். மற்ற மூவருக்கும் அந்தப் பயணத்தில் வாய்ப்பு வரவில்லை. அவர்கள் யாரும் நடராஜனைவிடச் சோம்பேறிகள் இல்லை. நடராஜனுக்கே அந்த ஒரு டெஸ்ட்தான். முழங்கால் அறுவை, தோள் வலி என்று அடுத்தடுத்து வந்தது. சுந்தர் உத்தேசப் பட்டியலோடு நின்றார். அவருக்கும் பட்டியலில் இருந்த பதினைந்தாவது ஆளுக்கும் எவ்வளவு வித்தியாசம் இருந்திருக்கும்?

எத்தனை நாற்காலி என்பது ஆட்டம் தீர்மானிப்பதில்லை, யாரோ ஒரு அலுவலகத்தில் தீர்மானிக்கிறார்கள். இதற்குத் திருச்சிக்காரர்கள் எல்லாருக்கும் தெரிந்த சாட்சி ஒன்று உண்டு. இங்கே செயின்ட் ஜோசப் கல்லூரியில் 1954-ல் இயற்பியல் முடித்த ஒருவர், பிறகு சென்னையில் விமானப் பொறியியல் படித்துவிட்டு, விமானப்படைத் தேர்வுக்கு டேராடூன் போனார். வந்தவர்கள் 25 பேர். எடுத்தது 8 பேர். இவர் ஒன்பதாவது. அப்துல் கலாம். அந்த வருஷம் ஒன்பது இடம் இருந்திருந்தால் அவர் விமானி ஆகியிருப்பார், நமக்கு ராக்கெட் கதை வேறு மாதிரி இருந்திருக்கும். 2006-ல், 74 வயதில், குடியரசுத் தலைவராகப் புனேயில் சுகோய் விமானத்தில் ஏறிப் பறந்தார். அந்த ஒன்பதாவது இடம் அவருக்குள் எவ்வளவு நாள் இருந்திருக்கும் பாருங்கள்.

அக்கா பையனிடம் எல்லாவற்றையும் சொன்னேன், மற்ற மூன்று நெட் பவுலர்களையும் சேர்த்து. பாதி கேட்டான். வாஷிங்டன் என்ற பெயர் எப்படி வந்தது என்பதை மட்டும் இரண்டு தடவை கேட்டான். பிறகு, "இங்க சீனியர் டீம் நெட்ஸுக்கு யாராவது பந்து போட ஆள் தேடுவாங்களா மாமா?" என்றான்.

விசாரித்தேன். கண்டோன்மெண்ட் பக்கம் லீக் ஆடும் ஒரு டீம், காலை ஆறு மணிக்கு நெட்ஸ் போடுகிறார்கள். பந்து போட யார் வந்தாலும் சரி, பேட்டிங் கிடைக்காது, காசு கிடையாது என்று முதலிலேயே சொல்லிவிட்டார்கள். ஸ்ரீரங்கத்திலிருந்து ஐந்தேகாலுக்குக் கிளம்ப வேண்டும். அக்கா டீ போட்டுக் கொடுக்கிறாள், நான் ஸ்கூட்டரில் காவிரிப் பாலம் தாண்டிக் கொண்டுபோய் விடுகிறேன். நேற்றோடு பதினோரு நாள் ஆகிறது. நேற்று ஒருத்தர், நாளைக்குக் கொஞ்சம் சீக்கிரம் வா தம்பி, புதுப் பந்து தருகிறேன் என்றாராம்.